எல்லாம் காற்றோட்டத்துக்காகத்தான்

ஃபெங் சுய் என்கிற சீன வாஸ்து பார்க்கிறவர்கள் ஒரு வகை, பார்க்காதவர்கள் இன்னொரு வகை என்று உலகத்தை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறீர்களா? நல்ல கதை. ஊரில் பாதிக்கு மேல் இருக்கிற எங்களை விட்டுவிட்டீர்களே! நாங்கள் அதைத் துளியும் நம்பாதவர்கள். நம்பாமலேயே ஒன்றுவிடாமல் கடைப்பிடிக்கிறவர்கள். படித்தவர்கள். வாசலுக்கு நேரே கழிப்பறை வந்தால் முகம் சுளித்து, கட்டிலுக்கு மேலே உத்தரம் போனால் கட்டிலை நகர்த்தி, கண்ணாடி படுக்கையைப் பார்த்து நின்றால் துண்டைப் போட்டு மூடி, ஏன் என்று யாராவது கேட்டுவிட்டால் கண்ணைக்கூடச் சிமிட்டாமல் ஒரு விஞ்ஞானக் காரணத்தை எடுத்து நீட்டுகிறவர்கள். சுகாதாரம். முதுகுவலி. கண்கூச்சம். எதுவுமே அகப்படாவிட்டால் இருக்கவே இருக்கிறது காற்றோட்டம்.

இந்த இனத்தில் முழு வளர்ச்சி அடைந்த ஒருவரைப் பார்க்க ஆசையிருந்தால், ஹாங்காங்கில் டோ குவா வான் பக்கம் வாருங்கள். கட்டடக் கலைஞர் மோக் சீ-குவோங். வயது ஐம்பத்தெட்டு. அலுவலகம் பதினைந்தாம் மாடியில், அதாவது பன்னிரண்டாம் மாடிக்கு நேர் மேலே. நடுவிலே பதின்மூன்றும் பதினான்கும் எங்கே போயின என்று லிஃப்டில் யாராவது வெளியூர்க்காரர் கேட்டால், "விற்பனைத் தந்திரம் சார், மூடநம்பிக்கை பிடிச்ச ஜனங்க" என்று தலையில் அடித்துக்கொள்வார். அந்த அலுவலகத்துக்காக மோக் மூன்று வருடம் காத்திருந்தார் என்பதும், அதற்கு முன்பே காலியான நாற்பத்து நான்காம் எண் அறையை (எங்கள் மொழியில் நாலு என்றால் சாவு என்று காதில் விழும்), வாடகை பாதி என்றும் பாராமல், "வெளிச்சம் போதாது" என்று வேண்டாமென்றார் என்பதும் லிஃப்டில் சொல்ல வேண்டிய விஷயங்களா என்ன?

அவர் மேசைக்குப் பின்னால் கெட்டியான சுவர். எதிரே கதவு, கொஞ்சம் ஒதுங்கினாற்போல. முதுகுவலிக்காக. மூலையில் மீன் தொட்டி. அதில் எட்டு பொன்னிற மீன், ஒரு கறுப்பு மீன்; சாஸ்திரம் சொல்கிற அதே கணக்கு. அறையில் ஈரப்பதம் வேண்டுமே, அதற்காக. கறுப்பு மீன் ஒரு தடவை செத்துப் போனபோது மோக் ஒரு கூட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு மீன் சந்தைக்கு ஓடினார். ஈரப்பதம் அன்றைக்கு அவ்வளவு மோசமாகக் குறைந்திருந்தது.

இப்பேர்ப்பட்டவருக்கு வாடிக்கையாளர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்கிறீர்களா? எல்லாரும் நம்ம ஆட்கள்தான். பல் டாக்டர்கள், வழக்கறிஞர்கள், கல்லூரி ஆசிரியர்கள். ஃபெங் சுய் குருவை வீட்டுக்குக் கூப்பிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிடுவாரே என்று வெட்கப்படுகிறவர்கள். வரைபடத்தை மேசைமேல் விரித்ததும் அவர்கள் குரல் ஒரு படி இறங்கும்.

"மோக் சார், எனக்கு இந்த மாதிரி விஷயத்துல எல்லாம் நம்பிக்கை கிடையாது."

"எனக்கும் கிடையாது டாக்டர்."

"இல்ல, சும்மா கேக்குறேன். இந்த வாசல் இங்க இருக்கே... காத்தோட்டம் சரியா இருக்குமா?"

மோக் அவரைப் பார்ப்பார். அவர் மோக்கைப் பார்ப்பார். "காத்தோட்டம் கொஞ்சம் இடிக்குதுதான். ரெண்டு அடி தள்ளிப் போட்ருவோம்" என்பார் மோக். டாக்டர் நிம்மதியாக மூச்சு விடுவார். மானமும் போகவில்லை, வாசலும் நகர்ந்தது. இந்த ஒரு வித்தையை வைத்துக்கொண்டுதான் மனிதர் இருபத்தாறு வருடம் தொழில் நடத்தினார்.

டாக்டருக்குத் தெரியாத சமாசாரம் ஒன்று உண்டு. மோக்கின் கால்சட்டைப் பையில் எப்போதும் ஓர் அளவு நாடா இருக்கும். பார்வைக்குச் சாதாரண இரும்பு நாடா. ஆனால் சென்டிமீட்டர் கோடுகளுக்கு மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை, சிவப்பும் கறுப்புமாகக் கட்டம் கட்டிச் சின்னச் சின்ன எழுத்தில் வார்த்தைகள்: செல்வம், நோய், பிரிவு, பதவி, நஷ்டம், சாவு. கதவை அளக்கிறபோது அகலம் சிவப்புக் கட்டத்தில் விழுந்தால் நல்லது, கறுப்பில் விழுந்தால் கெட்டது. எங்கள் ஊரில் எந்த இரும்புக் கடையிலும் கிடைக்கும். தச்சர்கள் வெளிப்படையாகவே இடுப்பில் செருகிக்கொண்டு திரிவார்கள். மோக் மட்டும் யாரும் பார்க்காத நேரத்தில் அதை வெளியே எடுப்பார். அளந்துவிட்டு, பையில் போட்டுவிட்டு, கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொள்வார். வாங்கிய அன்றைக்கு, இதை எப்படிப் படிப்பது என்று கடைக்காரரிடம் கேட்டிருக்கலாம். பட்டம் வாங்கிய மனிதர் அதையெல்லாம் கேட்பாரா? இரண்டு வரிசை இருக்கிறதே என்று கொஞ்சம் யோசித்தார். மேல் வரிசை எழுத்து பொடியாக இருந்தது. கீழ் வரிசை கண்ணுக்குச் சௌகரியமாக இருந்தது. கீழ் வரிசையையே வைத்துக்கொண்டார்.

மோக்கிற்கு ஒரே பெண். பெயர் ஹேய்-லாம். அப்பாவின் காற்றோட்டத்தில் அவளைப்போல அடிபட்டவர் வேறு யாரும் இல்லை. பள்ளிப் பரீட்சைக்கு முன்னால் "படிக்கிற வெளிச்சம் சரியில்ல" என்று அவள் கட்டிலை நாலு தடவை திருப்பினார். ஐந்தாவது தடவை வந்தபோது, அவள் புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலிலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். வளர்ந்து வேதியியல் ஆசிரியை ஆனாள். ஆறு வருடம் பாடம் நடத்திவிட்டு, போதும் என்று வேலையை விட்டு, சேமிப்பையெல்லாம் போட்டு ரொட்டிக் கடை ஆரம்பிக்கப் போகிறேன் என்று வந்து நின்றாள். கடையை அப்பாதான் வடிவமைக்க வேண்டும் என்றாள். மோக் உடனே பென்சிலைத் தேடினார்.

"ஆனா ஒரு நிபந்தனை" என்றாள் ஹேய்-லாம், பால் டீயை உறிஞ்சிக்கொண்டே. "நான் வரைஞ்சு குடுக்குற அளவை மாத்தக் கூடாது. மாத்தணும்னா எங்கிட்ட சொல்லணும். நெசமான காரணத்தைச் சொல்லணும்."

"நான் என்னைக்கு உங்கிட்ட பொய் சொல்லியிருக்கேன்?"

"அப்பா, எங்கூட வெளையாடாதீங்க. நீங்க நம்புறதுல எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல. பொய் சொல்றீங்க பாருங்க, அதான். இந்தத் தடவையும் சொன்னீங்கன்னா என் கடைப் பக்கமே வராதீங்க. சத்தியமா சொல்றேன்."

மோக் சத்தியம் செய்தார். மனதாரச் செய்தார். எங்கள் இனத்தவர் சத்தியம் செய்கிறபோது ஒருநாளும் பொய்யாகச் செய்வதில்லை. பிற்பாடுதான் எல்லாம் நடக்கிறது.

ஹேய்-லாம் கொடுத்த தாளில் கடை வாசல் அகலம் நூற்று நாலு சென்டிமீட்டர் என்று இருந்தது. நூற்று நாலு! அதில் ஒரு நாலு வேறு உட்கார்ந்திருந்தது. மனைவி காய்கறி வாங்கப் போயிருந்த சமயம் பார்த்து நாடாவை இழுத்தார். கீழ் வரிசையில் நூற்று நாலாவது சென்டிமீட்டர் கறுப்புக் கட்டத்தில் இருந்தது. வார்த்தை: சாவு.

நாடா தானாகச் சுருண்டு விரலைச் சுளீர் என்று அடித்தது. என்ன செய்வார் மனிதர், சொல்லுங்கள். ஒரே பெண். வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறாள். தினமும் அந்த வாசல் வழியாகத்தான் போய் வரப் போகிறாள். ஒரு பத்து நிமிடம் அறைக்குள் நடந்தார். இதெல்லாம் வெறும் மடத்தனம் என்று தனக்குத் தானே சத்தமாகச் சொல்லிப் பார்த்தார். பிறகு நாடாவை மறுபடி இழுத்தார். கொஞ்சம் உள்ளே வந்தால், சரியாக நூறில், சிவப்பு: பதவி. உடனே மேஸ்திரி தாமுக்கு போன் போட்டார்.

"தாம், கதவுச் சட்டத்துல ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு சென்டிமீட்டருக்குக் கட்டை வெச்சு அடிச்சிருங்க. நூறுக்கு வரணும்."

"எதுக்கு சார்?"

"காத்தோட்டம்."

"கதவைக் குறுக்குனா காத்தோட்டம் கொறையாதா சார்?"

"அதான், கொறைக்கணும்."

மகள் ஏன் குறிப்பாக நூற்று நாலு என்று எழுதினாள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டால், பதிலுக்கு அவளும் ஏதாவது கேட்பாளே! எங்கள் கூட்டத்தில் யாரும் யாரிடமும் காரணம் கேட்பதில்லை. அது ஓர் எழுதாத ஒப்பந்தம்.

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கடை திறப்பு. அழைப்பிதழ் எல்லாருக்கும் போயாகிவிட்டது. வியாழக்கிழமை காலை பத்தரைக்கு அடுப்பு வந்தது. மூன்று தட்டு மின்சார அடுப்பு. ஒரே வார்ப்பு, பிரிக்க முடியாது. லாரியிலிருந்து இறக்கி நடைபாதையில் வைத்தார்கள். மழை லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. அடுப்புக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் தாளைப் போர்த்தினார்கள். பன்னிரண்டு மணிக்குள் உள்ளே போகாவிட்டால் அடுப்பைத் திருப்பி ஏற்றிக்கொண்டு போய்விடுவோம், மறுபடி வர அடுத்த புதன்கிழமை ஆகும் என்று சுமைக்காரர்களின் தலைவர் ஹோ முதலிலேயே சொல்லிவிட்டார். நாலு பேர் தம் பிடித்துத் தூக்கினார்கள். வாசலுக்கு வந்தார்கள். 'டங்' என்று ஒரு சத்தம்.

"அக்கா, போகாது" என்றார் ஹோ.

"போகும். அடுப்பு நூத்திரெண்டு, வாசல் நூத்திநாலு. ரெண்டு பக்கமும் ஒவ்வொரு சென்டிமீட்டர் விட்டிருக்கேன்" என்றாள் ஹேய்-லாம்.

"நூத்திநாலா? நூறு தாண்டாதே இது."

ஹேய்-லாம் கதவுச் சட்டத்தைப் பார்த்தாள். புதுக் கட்டையைத் தடவினாள். பிறகு மெதுவாகத் திரும்பி, கடைக்குள்ளே விளக்கு சுவிட்சு ஒன்றை என்றுமில்லாத கவனத்தோடு சரிபார்த்துக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்தாள்.

"அப்பா."

"தீயணைப்புத் துறை விதிம்மா. புதுசா வந்திருக்கு."

"தீயணைப்பு விதி கதவைக் குறுக்கச் சொல்லுதா? எதுக்கு? தீப்பிடிச்சா எல்லாரும் வரிசையா, மெதுவா வெளிய வரணும்னா?"

சுமைக்காரர்களில் ஒருவர் சிரித்தார். மோக் கைக்குட்டையை எடுத்தார்.

"அது வந்து... மழைக்காத்து நேரா உள்ள அடிக்கும். மாவு ஈரமாயிடும். அதனால காத்தோட்டம்..."

"அப்பா!"

அவள் கத்தவில்லை. அதுதான் மோசம். கண்களில் நீர் கட்டி நின்றது. "சத்தியம் பண்ணீங்களேப்பா. ஒரே ஒரு தடவை கேட்டேன். நாளான்னைக்குக் கடை தெறக்கணும். அடுப்பு இல்லாம எதை வெச்சுத் தெறக்கறது? வர்றவங்களுக்கு பச்சை மாவையா குடுக்கறது?" என்றாள். பிறகு வாசலைக் காட்டினாள். "கெளம்புங்க. நான் பாத்துக்கறேன்."

மோக் கிளம்பவில்லை. எங்கள் இனத்தில் யாருமே செய்யாத ஒரு காரியத்தைச் செய்தார். கால்சட்டைப் பையிலிருந்து நாடாவை, பட்டப்பகலில், ஆறு பேர் எதிரில், வெளியே எடுத்தார். நீளமாக இழுத்தார்.

"இத பாரும்மா. நீயே பாரு. நூத்திநாலு. கறுப்பு. என்ன எழுதியிருக்கு? சாவுன்னு எழுதியிருக்கு. எம் பொண்ணு வாசலுக்கு நான் சாவுன்னு போடுவனா? எப்படிம்மா போடுவேன்?"

தெருவில் போன ஒரு சைக்கிள்கூட நின்றது. கடைசி வேலைகளை முடிக்க வந்திருந்த மேஸ்திரி தாம் மட்டும் மூக்குக் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு, நாடாவுக்குக் கிட்டே வந்து, குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார்.

"சார், தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க எந்த வரிசையைப் பாக்குறீங்க?"

"கீழ் வரிசையை. ஏன்?"

தாம் தொண்டையைச் செருமினார். "மேல் வரிசைதான் சார் வீட்டுக்கு. உசிரோட இருக்கவங்களுக்கு."

"அப்போ கீழ் வரிசை?"

"கல்லறைக்கு சார்."

ஹோ, "சீச்சீ! நல்ல வார்த்தை பேசுங்கப்பா!" என்று தரையில் மூன்று முறை துப்பினார். 'எங்களுக்கு எதுக்குய்யா சாஸ்திரம், முதுகுதான் எங்க சாமி' என்று லாரியிலிருந்து இறங்குகிறபோது வீறாப்பாகப் பேசிய நாலு பேரும், வாசலை விட்டு ஓசைப்படாமல் ஆளுக்கு மூன்றடி விலகி நின்றார்கள். ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "திடீர்னு சுளுக்கிக்கிச்சு" என்றார். நம்ம ஆள்!

மோக் நாடாவின் ஆரம்பத்தை விரலால் துடைத்தார். இருபத்தாறு வருடத் துருவுக்கு அடியில், கொக்கிக்குப் பக்கத்தில், பொடி எழுத்தில் எல்லாம் அச்சிட்டுத்தான் இருந்தது. மேலே 'வீடு'. கீழே 'கல்லறை'. அவர் கண்முன்னே வரிசையாக வாசல்கள் வந்தன. பல் டாக்டர் சௌவின் மருத்துவமனை, சட்ட அலுவலகம் இரண்டு, நூடுல்ஸ் கடை, கல்யாணமான புதிதில் தம்பதிகள் வாங்கிய குடியிருப்புகள் எத்தனையோ. எல்லாவற்றுக்கும், மில்லிமீட்டர் பிசகாமல், முன்னோர்கள் நிம்மதியாகத் துயிலத் தோதான கதவு. டாக்டர் சௌ இதற்குள் மூன்று கிளை திறந்துவிட்டார். நூடுல்ஸ் கடையில் மத்தியானம் இடம் கிடைப்பதில்லை. தம்பதிகள் பிள்ளை குட்டிகளோடு சௌக்கியமாக இருக்கிறார்கள். இதைக் கண்ட பிறகு புத்தியுள்ள எவனும் என்ன முடிவுக்கு வருவான்? நாடாவில் ஒன்றுமே இல்லை என்றுதானே? மோக் வந்த முடிவு அதுவல்ல. அந்தக் கதவெல்லாம் மேல் வரிசையில் எந்தக் கட்டத்தில் விழுந்தன என்று போய்ப் பார்த்துவிட வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்.

பிறகுதான் அவருக்கே சிரிப்பு வந்தது. முதலில் மூக்கு வழியாக, பிறகு தோள் குலுங்க. "சமாதி கட்டுறவன் நான். இருபத்தாறு வருஷமா. யாருக்குமே தெரியல. எனக்கே தெரியல" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். தாம் சிரித்தார். ஹேய்-லாம் மட்டும் சிரிக்கவில்லை.

"மேல் வரிசையில நூறு என்னப்பா?" என்றாள்.

மோக் நாடாவை இழுத்துக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. கறுப்புக் கட்டம்.

"பிரிவு" என்றார்.

வாசலுக்கு இந்தப் பக்கம் அவரும், அந்தப் பக்கம் மகளும் நின்றுகொண்டிருந்தார்கள். அவர் நாடாவைச் சுருளவிட்டார். "எனக்குப் பயம்மா. உனக்கு ஒண்ணு ஆயிடுமோன்னு பயம். நீ பொறந்ததுலேர்ந்து பயம்தான். பயமா இருக்குன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதான் வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன்."

ஹேய்-லாம் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இத முன்னாடியே சொல்லியிருந்தா நானே கட்டிலைத் திருப்பிப் போட்டிருப்பேனேப்பா" என்றாள். பிறகு தாமைப் பார்த்து, "மேஸ்திரி, கட்டையப் பேத்துருங்க. மணி பதினொண்ணேகால்" என்றாள்.

தாம் கடப்பாரையைக் கொண்டுவந்தார். சுளுக்கிக்கொண்டவருக்குச் சுளுக்கு விட்டது. பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில், இரண்டு பக்கமும் ஒவ்வொரு சென்டிமீட்டர் இடைவெளியில், அடுப்பு உள்ளே போய் உட்கார்ந்தது.

எல்லாரும் போன பிறகு, மாவு மூட்டைகளை அடுக்கிக்கொண்டே ஹேய்-லாம் முதுகைத் திருப்பியபடி கேட்டாள்: "அந்த மேல் வரிசையில... நூத்திநாலு என்னவாம்?"

"உனக்குத்தான் நம்பிக்கை இல்லையே."

"சும்மா தெரிஞ்சுக்கலாம்னுதான்."

"செவப்பு. நல்ல மனுஷங்க ஒத்தாசை கெடைக்குமாம்."

"ஓகோ" என்றாள். இன்னும் இரண்டு மூட்டையை, அவசியமே இல்லாமல், இடம் மாற்றி அடுக்கினாள்.

சனிக்கிழமை. வாசலில் வாழ்த்துப் பூக்கூடைகள். பதினொரு மணிக்கு ஜனங்கள் வரிசையில் நின்றுவிட்டார்கள். டாக்டர் சௌ குடும்பத்தோடு முதல் ஆளாக நின்றார். அன்னாசி பன் வாசனை தெருக்கோடி வரைக்கும் போனது. ஆனால் கதவு திறக்கவில்லை. பதினொன்று ஐந்து. பதினொன்று பத்து. மோக் பின்வாசல் வழியாக உள்ளே போனார். எல்லாம் தயார். ஹேய்-லாம் கைகளைக் கட்டிக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னம்மா, எதுக்குக் காத்துட்டிருக்கே?"

"ரொட்டி ஆறணும்ப்பா. சூடா வெட்டுனா பிஞ்சுடும்" என்றாள், கண்ணைச் சிமிட்டாமல்.

கல்லாப்பெட்டிக்குப் பின்னால், ஒரு மாவுப் பைக்கு அடியிலிருந்து, நல்ல நேரம் பார்க்கிற சிவப்பு அட்டைப் பஞ்சாங்கம் ஒரு விரல்கடை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மோக் அதைப் பார்த்தார். மெதுவாக ஒரு துணியை எடுத்து அதன்மேல் போட்டார். "ஆமாம்மா. நல்லா ஆறட்டும்" என்றார். பதினொன்று பதினெட்டுக்கு ரொட்டி ஆறியது. கதவு திறந்தது.

மோக் இப்போது வாரத்துக்கு இரண்டு நாள் பழைய வாடிக்கையாளர்களைப் போய்ப் பார்க்கிறார். கதவுக் கீல் தளர்ந்திருக்கிறதா என்று இலவசமாகப் பரிசோதிப்பாராம். வயதான காலத்தில் எவ்வளவு பொறுப்பு பாருங்கள்! போன வாரம் எங்கள் வீட்டுக்கும் வந்தார். அவர் அளந்து முடிக்கும் வரைக்கும் நான் சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தேன். வெளியே வந்ததும் சிவப்பா கறுப்பா என்று கேட்கவில்லை, கீல் எப்படி இருக்கிறது என்றுதான் கேட்டேன்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்களுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது, எனக்குத் தெரியும். புது வீடு பார்க்கப் போனபோது சமையலறை எந்த மூலையில் என்று நீங்கள் முதலில் கேட்டது புகை வெளியே போகிற வசதிக்காக. தெருக்குத்து வீட்டை வேண்டாமென்றது வண்டிச் சத்தத்துக்காக. இருக்கட்டும். ராத்திரி படுக்கிறபோது வடக்கே தலைவைத்துப் படுக்கிறீர்களா? இல்லையா? ஏனாம்?

காந்த சக்தி. ஆமாம், ஆமாம். காந்த சக்திதான்.